சிங்கப்பூர் போனேன், சூடும் பட்டேன்!

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரம்தான். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் சென்னை போய்ச் சேருவதற்கு இதைவிட அதிக நேரம் ஆகிறது! ஆனாலும் 2023 நவம்பரில் நான் கிளம்பியபோது, ஏதோ சந்திர மண்டலத்துக்கே போகிற மாதிரி வழியனுப்ப வீட்டில் ஒரு கும்பல். எனக்கு அதுதான் முதல் விமானப் பிரயாணம். துணைக்கு யாரும் கிடையாது.

போன காரியம் தங்கையின் பிரசவம். அம்மாவுக்கு மூட்டு வலி, அவர்களால் முடியாது. "நீ வந்தாதான் அக்கா எனக்குத் தெம்பு" என்று தங்கை போனில் அழுதாள். பெட்டியில் பாதி இடத்தைச் சுக்கு, பூண்டு, லேகியச் சாமான் எல்லாம் பிடித்துக்கொண்டன. மீதியில் குழந்தைக்கு என்று துவைத்து வைத்த பழைய வேட்டித் துணிகள். கால் நீட்டி உட்கார்ந்து, பச்சைக் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது என் மாமியாரிடம் கற்றுக்கொண்டது. தெருவில் யார் வீட்டில் பிரசவம் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெருமையோடுதான் ப்ளேன் ஏறினேன்.

ஏறி ஒன்றரை மணி நேரம் இருக்கும். பணிப்பெண் தள்ளுவண்டியில் தேநீர் கொண்டு வந்தாள். என் முன்னால் இருந்த சிறிய பலகையை இறக்கி, அதன்மேல் காகிதக் கோப்பையை வைத்தாள். மூடி கிடையாது. அவள் நகர்ந்த அடுத்த நிமிஷம், முன்னால் உட்கார்ந்திருந்தவர் தன் இருக்கையைத் தடால் என்று பின்னுக்குச் சாய்த்தார். கோப்பை அப்படியே என் மடியில் கவிழ்ந்துவிட்டது.

புடவை, உள்ளே பாவாடை, இரண்டும் தேநீரை உறிஞ்சித் தொடையோடு ஒட்டிக்கொண்டன. எழுந்து உதறலாம் என்றால் இடுப்பில் பெல்ட். அதை எப்படிக் கழற்றுவது என்று பதற்றத்தில் மறந்தே போயிற்று. பணிப்பெண் ஓடி வந்து "ஸாரி மேடம், ஸாரி மேடம்" என்கிறாள். பாவம், என் பெண் வயசுதான் இருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லைம்மா!" தொடை தீயாக எரிகிறது, வாய் பரவாயில்லை என்கிறது. நம் வளர்ப்பு அப்படி.

ஒரு காகிதத் துணியில் ஐஸ் கட்டி கொண்டு வந்து கொடுத்தார்கள். அப்போதுதான் பக்கத்து வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். சிங்கப்பூரில் நர்ஸாக வேலை பார்க்கிறவளாம், ஊர் புதுக்கோட்டைப் பக்கம். "அக்கா, ஐஸ் வேணாம். தோல் இன்னும் கெட்டுப் போயிடும். எழுந்து வாங்க, தண்ணி ஊத்தணும்" என்று பாத்ரூமுக்கு அழைத்துப் போனாள். இரண்டு பேர் நிற்கக்கூட இடமில்லாத அந்தக் கூண்டில், கதவைப் பாதி திறந்து வைத்து, பணிப்பெண்ணை மறைப்பாக நிற்கச் சொல்லிவிட்டு, குடிதண்ணீர் பாட்டில் ஒவ்வொன்றாக வாங்கி ஊற்றினாள். கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிஷம். சாதாரணக் குளிர்ச்சியுள்ள தண்ணீர்தான் வேண்டுமாம். பட்டவுடன் செய்தால் உத்தமம், மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டாம். பற்பசை, இங்க், காப்பிப் பொடி எதுவும் தடவக் கூடாது என்றாள். நாங்கள் சின்ன வயசில் இங்க்தான் தடவுவோம்!

அவள் செய்த இன்னொரு உபகாரத்தின் மதிப்பு எனக்குப் பின்னால்தான் புரிந்தது. பணிப்பெண்களின் தலைவியைக் கூப்பிட்டு, "இதை ரிப்போர்ட்டா எழுதுங்க" என்றாள். எழுதினார்கள். நகல் கேட்டோம், கம்பெனிக்குத்தான் அனுப்புவோம் என்றார்கள். உடனே என் டைரியை வாங்கி விமான எண், என் இருக்கை எண், நேரம், எழுதிய பெண்ணின் பெயர் எல்லாம் அவளே குறித்துத் தந்தாள். கீழே தன் பெயரும் போன் நம்பரும். "சாட்சி வேணும்னா கூப்பிடுங்க அக்கா."

விடியற்காலை சாங்கி விமான நிலையம். தரை முழுக்கக் கம்பளம், கண்ணாடி போலச் சுவர்கள், எங்கு பார்த்தாலும் செடி கொடி. இதையெல்லாம் நிதானமாக ரசிக்க வேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பேன்! காலை அகட்டி அகட்டி நடந்ததுதான் ஞாபகம் இருக்கிறது. விமான நிலையத்திலேயே க்ளினிக் இருக்கிறது, வாருங்கள் என்று கம்பெனி ஆள் கூப்பிட்டான். எனக்கோ கூச்சம். காயம் தொடையில். யாரிடம் காட்டுவது? "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று நழுவப் பார்த்தேன். நிறைமாத வயிற்றோடு வந்திருந்த தங்கை விடவில்லை. "லேடி டாக்டரா கேட்கலாம், வா" என்று இழுத்துப் போனாள்.

லேடி டாக்டரே இருந்தார். உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். இரண்டாம் டிகிரிக் காயம் என்று எழுதினார். அவர் சொல்லித்தான் தங்கை அதைத் தன் போனில் படம் எடுத்தாள், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு வாராவாரம் அதேபோல ஒரு படம்.

தங்கை வீடு ஒன்பதாவது மாடி. அங்கே அரசாங்கம் கட்டிய அடுக்குமாடியில்தான் பெரும்பாலோர் குடியிருக்கிறார்கள். கீழ்த்தளம் காலியாக இருக்கும். கல்யாணமும் நடக்கும், துக்கமும் நடக்கும், கிழவர்கள் உட்கார்ந்து சதுரங்கமும் ஆடுவார்கள். அடுத்த ப்ளாக்கின் கீழேயே ஒரு க்ளினிக். ஒன்று விட்டு ஒரு நாள் அங்கே போய்க் கட்டு மாற்றிக்கொள்வேன். ஒவ்வொரு தடவையும் வெள்ளியை எண்ணிக் கொடுக்கும்போது (அங்கே டாலரை நம் ஜனங்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்) மனசுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்து வயிறு எரியும்.

வந்த ஐந்தாம் நாள் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. தொப்புள் கொடி விழுந்து, குளிப்பாட்டுகிற நாளும் வந்தது. முக்காலியைப் போட்டு, வெந்நீர் விளாவி, காலை நீட்டினேன். குழந்தையைத் தொடைமேல் வைத்த மாத்திரத்தில் உயிர் போகிற வலி. கட்டு நனையக் கூடாது என்று வேறு டாக்டர் சொல்லியிருந்தார். குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் அழுதேன். எதற்காகக் கடல் தாண்டி வந்தேனோ அது முடியவில்லை.

கடைசியில் ஒரு மலாய்ப் பெண்மணியைக் கூலிக்கு அமர்த்தினார்கள். குழந்தையைக் குளிப்பாட்ட, தங்கைக்கு எண்ணெய் தேய்த்து வயிற்றைக் கட்ட, 28 நாளைக்கு. மிக நல்ல மாதிரி. எங்களுக்குள் பாஷை கிடையாது. ஆனால் சுக்கு, மஞ்சளைக் காட்டினால் புரிந்துகொண்டாள். அவளுக்கும் கூலி வெள்ளியில்தான். தங்கை வீட்டுக்காரர் மாத்திரம் ஒவ்வொரு வாரமும் அவளிடம் ரசீதில் கையெழுத்து வாங்கி வைத்தார். "எதுக்கு மாப்பிள்ளை?" என்றேன். "இருக்கட்டும் அண்ணி" என்றார்.

நடக்கத் தெம்பு வந்த பிறகு தேக்கா மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார்கள். முருங்கைக்கீரை, வாழைப்பூ, பால்சுறா எல்லாம் கிடைக்கிறது. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில்; வாசலில் நம்மூர் மாதிரியே பூக்கடைகள். சன்னிதியில் நமஸ்காரம் பண்ண முடியவில்லை, நின்றபடி கும்பிட்டேன்.

இதற்கிடையே விமானக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மன்னிப்பு கேட்டு, அடுத்த பயணத்துக்கு ஒரு வவுச்சர் தருவதாகவும், இத்துடன் கோரிக்கை முழுவதும் தீர்ந்தது என்று கையெழுத்திட்டு அனுப்பும்படியும் எழுதியிருந்தார்கள். நான் பேனாவைத் தேடினேன். மாப்பிள்ளை காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டார். செலவுக் கணக்கை எல்லாம் பில்லோடு சேர்த்து அவரே பதில் அனுப்பினார். நான் ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து அதற்கு மறுமொழி வந்தது: முன் இருக்கைப் பிரயாணி சாய்த்ததால் நேர்ந்தது, கம்பெனியின் குற்றம் இல்லை, ஆகவே பொறுப்பில்லை.

நியாயம்தானே என்றுகூட எனக்குத் தோன்றிவிட்டது. எதிர் வீட்டு வக்கீல் ஐயா (ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் வாய் ஓயவில்லை) கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். "யார் குத்தம்ங்கறதே இங்க கேள்வி இல்லம்மா."

அவர் சொல்லித் தெரிந்துகொண்டதை என் பாஷையில் சொல்கிறேன். வெளிநாட்டு விமானப் பயணத்துக்கு மான்ட்ரீல் ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. 1999-ல் உருவானது; 2009 முதல் இந்தியாவுக்கும் பொருந்தும். விமானத்துக்குள்ளோ, ஏறும்போதோ இறங்கும்போதோ, விபத்தால் உடம்பில் காயம் பட்டால், ஒரு வரம்பு வரை கம்பெனி "எங்கள் தப்பில்லை" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பிரயாணியே அஜாக்கிரதையாக இருந்தார் என்று நிரூபித்தால் மட்டும் குறைத்துக்கொள்ளலாம். அந்த வரம்பு எஸ்.டி.ஆர். என்ற சர்வதேசக் கணக்கில் நான் பயணம் செய்தபோது 1,28,821. 2024 டிசம்பர் 28 முதல் 1,51,880. ரூபாயில் ஒன்றரைக் கோடிக்கும் மேல். உடனே கண்ணை அகல விரிக்காதீர்கள்! அது வரம்புதான். நமக்கு உண்மையில் நேர்ந்த நஷ்டத்தைக் காட்டினால் அந்த அளவுக்குத்தான் கிடைக்கும். பயந்துபோனேன், தூக்கம் போயிற்று என்று மட்டும் சொன்னால் செல்லாதாம்.

"விபத்து" என்றால் என்ன என்பதில்தான் வழக்கெல்லாம். பாரிஸிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போன ஒரு அம்மாளுக்கு, விமானம் இறங்கும்போது ஒரு காது கேளாமல் போய்விட்டது. விமானத்தில் காற்றழுத்தமெல்லாம் வழக்கம்போல்தான் இருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-ல், வெளியிலிருந்து எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தால்தான் விபத்து, இது அப்படியல்ல என்று சொல்லிவிட்டது. ஆனால் 2015-ல் மயோர்க்கா தீவிலிருந்து வியன்னா போன விமானத்தில், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆறு வயசுப் பெண் குழந்தையின் மார்பில், அப்பாவின் பலகையிலிருந்த காப்பி கொட்டிவிட்டது. பலகை பழுதா, விமானம் குலுங்கியதா என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. 2019 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், பரிமாறப் பயன்படும் பொருளால் காயம் பட்டாலே விபத்துதான், விமானம் பறப்பதால் வந்த ஆபத்தா என்று பார்க்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. ஐரோப்பியத் தீர்ப்பு இங்கே கட்டாயமில்லை; ஒப்பந்தம் ஒன்றேதான் என்பதால் எடுத்துக்காட்டலாம் என்றார் ஐயா. அந்தக் குழந்தையின் கதையைக் கேட்டபோது, என் காயம் தொடையோடு போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

வழக்குப் போட இரண்டு வருஷம்தான் கெடு. விமானம் போய்ச் சேர்ந்த தேதியிலிருந்து. கடிதம் எழுதிக்கொண்டே காலத்தைக் கடத்தினால் உரிமையே போய்விடும். "சிங்கப்பூருக்குப் போயா கேஸ் போடணும்?" என்று என் கணவர் கவலைப்பட்டார். தேவையில்லையாம். திருச்சியில் கிளம்பித் திருச்சிக்கே திரும்புகிற டிக்கெட் என்பதால், சட்டப்படி நான் போய்ச் சேருமிடம் திருச்சிதான்! நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது.

2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று நடுவானில் பயங்கரமாகக் குலுங்கிப் பாங்காக்கில் இறங்கியது ஞாபகமிருக்கும். ஒருவர் இறந்தே போனார். அடுத்த மாதமே, இலேசாகக் காயம் பட்டவர்களுக்கு 10,000 அமெரிக்க டாலர் தருவதாக அந்தக் கம்பெனி அறிவித்தது. வக்கீல் ஐயா அந்தச் செய்தியைக் கத்தரித்துக் கொண்டுவந்து என் கணவரிடம் காட்டினார். அதற்குப் பிறகுதான் வீட்டில் என்னை "ஒரு டம்ளர் டீக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்பதை நிறுத்தினார்கள்.

நோட்டீஸ் அனுப்பினோம். டைரிக் குறிப்பின் நகல், டாக்டர் சீட்டு, வாரவாரியாகப் படங்கள், மருந்து பில், அந்த மலாய்ப் பெண்மணியின் ரசீதுகள், புதுக்கோட்டை நர்ஸ் கைப்பட எழுதிக் கொடுத்த சாட்சிக் கடிதம். படங்களை வக்கீல் ஐயாவிடம் கொடுக்கத்தான் கை வரவில்லை. அவர் சம்சாரத்திடம் கொடுத்தேன்; அவர் ஒட்டிய உறையில் போட்டுக் கொடுத்தார். ஐயாவும் பிரிக்காமலே அனுப்பிவிட்டார்.

ஆகஸ்டில் கம்பெனி இறங்கி வந்தது. முதலில் மருந்துச் செலவு மட்டும் என்றார்கள். ஆளுக்குக் கொடுத்த கூலியும், வலிக்கும் தழும்புக்கும் ஒரு தொகையும் சேர்க்காவிட்டால் ஆணையத்துக்குப் போவோம் என்று எழுதினோம். பேசிப் பேசி ஒன்றேகால் லட்சத்தில் முடிந்தது. வழக்குப் போட்டிருந்தால் கூடக் கிடைத்திருக்குமோ என்னவோ. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தத் தடவை காகிதத்தை இரண்டு முறை படித்தேன். கூலிப் பணத்தைத் தங்கைக்கு அனுப்பினால், வேண்டவே வேண்டாம் என்று ஒரு வாரம் சண்டை.

அந்த வருஷம் தீபாவளிக்குத் தங்கை குடும்பத்தோடு திருச்சி வந்தாள். கங்கா ஸ்நானத்துக்கு, முற்றத்தில் மணையைப் போட்டுக் காலை நீட்டிக்கொண்டு, "கொண்டா என் பிள்ளையை" என்றேன். தொடையில் தழும்பு வெளுத்துத் தெரிந்தது, வலியில்லை. பிள்ளைக்குத்தான் வயசு ஒன்றாகப் போகிறதே! உடம்பெல்லாம் எண்ணெயோடு காலில் படுப்பானா? வழுக்கிக்கொண்டு இறங்கி, கூடத்துப் பக்கம் தவழ்ந்தே ஓடிவிட்டான்.