முப்பத்தாறு பேருக்கு ஒரு கப்பல்

போன குளிர்காலத்தில் ஒரு கருத்தரங்குக்காக வாரணாசி போயிருந்தேன். கூட்டம் முடிந்த மாலை நானும் ஒரு தோழரும் துடுப்புப் படகு ஒன்றில் ஏறினோம். படகோட்டி நிஷாத் சமூகத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். என் அரைகுறை இந்தியில் 'பையா' என்று கூப்பிட்டேன். அவர் என்னை 'சார்' என்றார். வேண்டாமென்று சொல்லியும் விடவில்லை.

எதிரே ஒரு சொகுசுப் படகு வந்தது. மேல்தளம் முழுக்க விளக்கு, பாட்டு. அது கிளப்பிய அலையில் எங்கள் படகு ஆடியது. "முன்னெல்லாம் ஆரத்தி பார்க்க எங்க படகுலதான் வருவாங்க. இப்ப இதுல ஏறிடறாங்க. இதைவிடப் பெருசு ஒண்ணு இருக்கு" என்றார்.

அவர் சொன்னது கங்கா விலாஸ். 2023 ஜனவரி 13 அன்று பிரதமர் காணொளி வழியாகக் கொடியசைத்து அனுப்பிய கப்பல். வாரணாசியில் கிளம்பி, வங்கதேசம் வழியாக அசாமின் திப்ருகர் வரை சுமார் 3,200 கிலோமீட்டர், 51 நாள் பயணம். 18 அறைகள், 36 பயணிகள், அவ்வளவுதான். முதல் பயணத்தில் போனவர்கள் 32 சுவிட்சர்லாந்துக்காரர்கள். கட்டணம் லட்சக்கணக்கில்.

சின்னது என்பதுதான் இந்த வகைக் கப்பலுக்குப் பெருமை. ஆயிரக்கணக்கானோரை ஏற்றும் கடல் கப்பல் நுழைய முடியாத ஆற்றுக்குள் இது நுழையும். கூட்டம் இருக்காது. யாருக்கு எந்தத் தேநீர் பிடிக்கும் என்று இரண்டாம் நாளே பணியாளருக்குத் தெரிந்திருக்கும். கரையின் வாழ்க்கையை அருகில் பார்க்கலாம் என்பார்கள்.

தோழர்களே, அந்தக் கப்பல் பற்றிய செய்திகளில் என்னைப் பிடித்து நிறுத்தியது அறையோ சாப்பாடோ இல்லை. கப்பலுக்குள்ளேயே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. 36 பேரின் மலத்தை இன்னொரு மனிதர் கையால் தொட வேண்டியதில்லை. நல்லது, அப்படித்தான் இருக்கவேண்டும். கரையில்? மலமள்ளும் வேலையைத் தடைசெய்யும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. இன்னமும் சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் சாகிறார்கள். யார் வீட்டுப் பிள்ளைகள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இயந்திரம் வாங்க நிதியில்லை என்று நம் மனுக்களுக்கு வந்த பதில்களை நினைத்துக்கொண்டேன்.

மணிகர்ணிகா வந்தது. படகோட்டி துடுப்பை நிறுத்தினார். ஏழெட்டுச் சிதைகள் எரிந்துகொண்டிருந்தன. டோம் சமூகத்து இளைஞர் ஒருவர் மூங்கில் கழியால் ஒரு சிதையைப் புரட்டிவிட்டார். என் அப்பாவும் ஊர்ச் சுடுகாட்டில் பிணம் எரித்தவர்தான். கூலி என்று பேசி வாங்கியதில்லை, கொடுத்ததுதான். அன்றைக்கு ஏரியில் குளிக்காமல் வீட்டுக்குள் வரமாட்டார். குளித்தும் அந்த வாடை போகாது. அதற்காகவே பள்ளிக்கூட நாட்களில் அவர் பக்கத்தில் படுக்க மறுத்திருக்கிறேன்.

சொகுசுப் படகின் மேல்தளத்தில் வரிசையாகச் செல்போன்கள் உயர்ந்தன. எனக்குக் கோபம் வந்தது. "போட்டோ வேணாம் சார், எரிக்கிறவங்க திட்டுவாங்க" என்றார் படகோட்டி. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். என் கையிலும் செல்போன் இருந்தது.

திரும்பும்போது அவர் தன் மகன் சூரத்தில் வேலை தேடிப் போன கதையைச் சொன்னார். பிறகு, "உங்க அப்பா என்ன செய்யறாரு?" என்று கேட்டார்.

"விவசாயம்" என்றேன். இருபது வருடமாக மேடையேறிச் சாதியைப் பற்றிப் பேசுகிறவன் நான். பக்கத்திலிருந்த தோழர் என்னைத் திரும்பிப் பார்த்தார். படகோட்டி தலையாட்டிவிட்டுத் துடுப்பைப் போட்டார்.