களையெடுப்பு

கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் பாமரன். ஆனாலும் ஓபன் பி.எஸ்.டி. என்ற யூனிக்ஸ் வம்சத்து ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் எனக்குத் தனி மரியாதை உண்டு. கானடாவில், கால்கரி நகரில், தியோ டி ராட் என்பவர் 1995-ல் ஆரம்பித்தது. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது.

என்னைக் கவர்ந்தது பதிப்பு அல்ல. நடுவில் நடக்கும் வேலை. 1996-லிருந்து மூல நிரலை வரி வரியாகப் படித்து வருகிறார்கள். ஒரு பிழை அகப்பட்டால் அதை மட்டும் திருத்திவிட்டுப் போவதில்லை. அதே தினுசுப் பிழை வேறெங்கே ஒளிந்திருக்கிறதென்று மொத்தத்தையும் சலிக்கிறார்கள். அரிசியில் ஒரு கல் கிடைத்தால் இன்னொன்றும் இருக்கும் என்று தெரிந்த பெண்களின் புத்தி.

2014 ஏப்ரலில் ஹார்ட்ப்ளீட் என்ற ஓட்டை அம்பலமாயிற்று. ஓபன் எஸ்.எஸ்.எல். என்ற பொது நிரலில் ஒரு நீளத்தைச் சரிபார்க்காமல் விட்ட குறை. இரண்டு வருஷம் ஊர் உலகத்தின் ரகசியங்கள் கசியக் காத்திருந்தன. இவர்கள் அந்த நிரலைப் பிரதியெடுத்து, லிப்ரெ எஸ்.எஸ்.எல். என்று பெயரிட்டு, முதல் வாரத்திலேயே சுமார் 90,000 வரிகளை வெட்டி எறிந்தார்கள். வழக்கொழிந்த யந்திரங்களுக்காக வைத்திருந்த வரிகளும் அதில் சேர்த்தி. ஒரு பாராவை அடிக்க நான் இரண்டு நாள் தயங்குகிறேன்!

அதே வருஷம் ஜனவரியில் இவர்கள் மின்சாரக் கட்டணத்துக்குப் பணமில்லாமல் கைநீட்ட வேண்டியிருந்தது. நன்கொடை வந்தது, பிழைத்தார்கள். நேராமற்போன விபத்துக்கு யார் நன்றி சொல்கிறார்கள்? காலையில் கோலம் இருந்தால் பார்க்கிறோம். பெருக்கிய வாசலை யார் பார்க்கிறார்கள்?