கூறுக்கறி

இப்போது கறியைத் தேர்ந்து வாங்கலாம். தொடைக்கறி மட்டும், எலும்பில்லாமல், கொழுப்பு எடுத்து, சின்னத் துண்டாக. என் சிறு வயதில் எங்கள் கரிசல்காட்டு ஊரில் அந்த வசதி கிடையாது. தீபாவளிக்குப் பத்து வீட்டார் சேர்ந்து பணம் போட்டு ஒரு கிடா பிடிப்பார்கள். விடியுமுன் வேப்பமரத்தில் கட்டி உரித்து, பனையோலைப் பாய் விரித்து, பத்துக் கூறு வைப்பார்கள். ஒவ்வொரு கூறிலும் எல்லாம் இருக்க வேண்டும். தொடையில் கொஞ்சம், நெஞ்செலும்பில் கொஞ்சம், ஈரலில் ஒரு துண்டு, குடலில் ஒரு முழம். சுவரொட்டி ஆட்டுக்கு ஒன்றுதான். அதைப் பத்தாக நறுக்கினால் யாருக்கும் பயனில்லை. ரத்தம் குறைந்த பிள்ளையோ பிள்ளை பெற்றவளோ எந்த வீட்டில் இருக்கிறார்களோ, அந்த வீட்டுக்குப் போகும். அதற்குச் சண்டை வந்ததாக ஞாபகம் இல்லை. நல்லி எலும்புக்கு வந்திருக்கிறது.

அந்தக் கிடா எங்கே பிறந்தது, எந்தக் காட்டில் மேய்ந்தது, என்ன விலைக்கு முடிந்தது என்பது பத்து வீட்டுக்கும் தெரியும். பெரும்பாலும் எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் பிடித்ததாக இருக்கும். கறுத்த உடம்பும் முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடும் உள்ள கன்னி ஆடு. இல்லையென்றால் கால் நீண்ட கொடி ஆடு. அப்பா தராசை நம்ப மாட்டார். முதுகெலும்பின்மேல் கட்டைவிரலை ஓட்டி, பின் இடுப்போடு அணைத்துத் தூக்கிப் பார்த்து, இத்தனை கிலோ கறி விழும் என்பார். பெரிதாகத் தப்பியதில்லை.

வாங்கி வந்த கிடா வெட்டுகிற நாள்வரை எங்கள் தொழுவில் நிற்கும். அகத்திக்குழை ஒடித்துப் போடுவது பிள்ளைகளின் வேலை. நாங்கள் கொடுத்த குழையைத் தின்ற வாயைத்தான் மறுநாள் தலைக்கறியாகப் பார்ப்போம். அழுத பிள்ளைகள் உண்டு. மதியம் இலையை விட்டு எழுந்துபோன பிள்ளை எனக்குத் தெரிந்து இல்லை. காந்தி சின்ன வயதில் நண்பனின் பேச்சைக் கேட்டு ரகசியமாக ஆட்டுக்கறி தின்றுவிட்டு, அன்றிரவு உயிருள்ள ஆடொன்று தனக்குள் கத்துவது போலிருந்து தூக்கம் கெட்டதைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். எங்கள் வயிற்றில் எந்த ஆடும் கத்தவில்லை. அவர் தின்ற ஆடு எது என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். அதனால் ‘நேரில் பார்த்தால் தின்ன மாட்டார்கள்’ என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. பார்த்துக்கொண்டேதான் தின்றோம்.

பார்க்காமல் தின்னப் பழகியது சென்னையில். மேன்ஷன் அறையில் ஞாயிறு என்றால் பிரியாணிப் பொட்டலம். அது எங்கிருந்து வருகிறது என்ற எண்ணமே எழாமல் பல காலம் போனது. அறைத்தோழன் ஒருவனுக்குப் புளியந்தோப்பில் சொந்தம். ஒரு முறை அவனோடு விடிகாலையில் ஆடுதொட்டிப் பக்கம் போனேன். எங்கள் ஊர் தீபாவளி வருஷத்துக்கு ஒரு நாள். இங்கே தினமும் தீபாவளி. ராஜஸ்தானிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் லாரியில் வந்த ஆடுகள் என்று சொன்னார்கள். உரித்த தொடைகளில் மாநகராட்சி முத்திரை நீல மையில் பதிந்திருந்தது. வெளியே டீக்கடையில் நின்றிருந்த ஒரு தொழிலாளியிடம், “தினமும் இதே வேலை செய்யறது கஷ்டமா இல்லையா?” என்று கேட்டேன். அவர் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: “நா வெட்றது இன்னா என் ஒருத்தன் வவுத்துக்கா சார்? நா ஒரு நாள் வரலன்னா உங்க வூட்டுல கொழம்பு கெடையாது.”

பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2001-இல் இறைச்சிக்கூடங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. சினை ஆட்டை வெட்டக்கூடாது. மூன்று மாதம் நிறையாத குட்டியையும், அப்படிக் குட்டி வைத்திருக்கும் தாயையும் வெட்டக்கூடாது. ஒரு பிராணியின் கண்ணெதிரே இன்னொன்றை வெட்டக்கூடாது. இந்தக் கடைசி விதியைப் படித்தபோது கொஞ்ச நேரம் அதிலேயே நின்றேன். அடுத்தது தன் முறை என்று ஆட்டுக்குத் தெரியும், அது அஞ்சும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டு எழுதிய வரி அது. விதிக்கும் கத்திக்கும் இடையே உள்ள தூரம் ஊருக்கு ஊர் வேறு. எங்கள் வேப்பமரத்தடியில் அந்த விதியை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஒற்றை ஆடுதான் என்பதால் அது தானாகவே நிறைவேறியது.

டீக்கடையில் பார்த்த அந்தத் தொழிலாளி சொன்னதைத்தான் வள்ளுவரும் வேறு கோணத்தில் சொல்லியிருக்கிறார். ‘புலால் மறுத்தல்’ 26-ஆம் அதிகாரம். தின்பவர்கள் இல்லாவிட்டால் விலைக்கு ஊன் தருபவர்களும் இருக்க மாட்டார்கள் என்கிறார். அந்த அதிகாரம் துறவறவியலில் இருக்கிறது, ஆகவே அது துறவிக்குத்தான், இல்லறத்தானுக்கு இல்லை என்று எங்கள் தமிழாசிரியர் சமாதானம் சொல்வார். அவருக்கு ஆட்டுக்கால் சூப்பு பிரியம். ஆனால் துறவி சந்தைக்குப் போவதில்லையே. வாங்குபவன், விற்பவன் என்று பேச்சு வந்துவிட்டால் அங்கே நிற்பது குடும்பஸ்தன்தான். நாம் வள்ளுவருக்கு வருஷத்தில் ஒரு நாள் கொடுத்திருக்கிறோம். தை 2, திருவள்ளுவர் நாள், இறைச்சிக் கடைகள் மூடல். அதுவே மாட்டுப் பொங்கலும் என்பதால் முதல் நாளே கடைகளில் கூட்டம் நெரியும். மறந்தவர்களுக்குப் பாதி இறக்கிய ஷட்டர் இருக்கிறது.

பௌத்தத்தில் வழி வேறு. தனக்காகக் கொல்லப்பட்டதைக் காணவில்லை, கேட்கவில்லை, அப்படியொரு சந்தேகமும் இல்லை என்றால், பிச்சையில் விழுந்த ஊனைப் பிக்கு உண்ணலாம் என்பது பழைய விதி. கிடைத்ததை உண்பவனுக்கு, இது வேண்டும் என்று கேட்க முடியாதவனுக்குச் சொன்னது. அவனுக்கு அது பொருந்தும். குளிர்பெட்டியிலிருந்து மெல்லிய உறை போர்த்திய தட்டை எடுத்துக் கூடையில் போடுகிற நானும் காணவில்லை, கேட்கவில்லை, சந்தேகப்படவில்லை. மூன்று நிபந்தனையும் பழுதின்றி நிறைவேறுகிறது. ஆனால் நான் பிச்சைக்குப் போகவில்லை. பணம் கொடுத்திருக்கிறேன், அந்தப் பணம் அடுத்த ஆட்டுக்கான முன்பணம்.

காணாமல் இருந்தால் போதும் என்று அரசாங்கமும் ஒரு முறை நினைத்தது. 1950-ஆம் ஆண்டின் விலங்குகள், பறவைகள் பலியிடல் தடைச் சட்டம் ஒன்று தூசி படிந்து கிடந்தது. 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. அந்த மாதங்களில்தான் எங்கள் குலசாமி கோயிலில் சித்தப்பா பேத்திக்குக் காதுகுத்து. நேர்ந்துவிட்ட கிடா தயாராக நிற்கிறது. கோயில் வாசலில் போலீஸ். மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். கிடா உடம்பைச் சிலுப்பியது. சாமி உத்தரவு கிடைத்தாயிற்று, சர்க்கார் உத்தரவு கிடைக்கவில்லை. கடைசியில் சாமிக்குப் பொங்கல் மட்டும் வைத்துவிட்டு, கிடாவை ஊருக்கு ஓட்டிப்போய் வீட்டுப் பின்னால் வெட்டினார்கள். சித்தப்பா, “கடைக்காரன் வெட்டுனா யாவாரம், நாம வெட்டுனா குத்தமாடே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதே நாளில் கோவில்பட்டியில் கறிக்கடைகள் எல்லாம் திறந்துதான் இருந்தன. பிரியாணிக்குக் கொன்றால் தடையில்லை. சாமிக்கென்று, ஊர் கூடிப் பார்க்கக் கொன்றால் தடை. அடுத்த ஆண்டே அந்தச் சட்டம் ரத்தானது.

கிடா சிலுப்பினால் அது சம்மதம் என்று நான் நம்பவில்லை. ஈரம் பட்டால் எந்த ஆடும் சிலுப்பும். என்றாலும் அந்தச் சடங்கில் ஒரு கணம் எல்லோரும் கத்தியை நிறுத்திவைத்து ஆட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. சில நேரம் சிலுப்ப வெகு நேரமாகும். வெயிலில் பசியோடு ஐம்பது பேர் ஓர் ஆட்டுக்காகக் காத்து நிற்போம்.

கோழிக்கு அந்தக் காத்திருப்பும் இல்லை. ஊர்த் தெருவில் சைக்கிள்காரர் கூடையில் கலர் கோழிக்குஞ்சு கொண்டுவருவார். பச்சை, ரோஸ், நீலம். பழைய இரும்போ பிளாஸ்டிக்கோ கொடுத்தால் இரண்டு குஞ்சு. ஒரு வாரம் தாங்கினால் அதிசயம். அவை எங்கிருந்து வருகின்றன என்று வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. முட்டைக்கோழி இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சு முட்டை இடாது, கறியும் பிடிக்காது. பொரிப்பகத்துக்கு அது கழிவு. பிறந்த நாளிலேயே கொன்றது போக மிஞ்சியதுதான் சாயம் பூசிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறது. ஜெர்மனி 2022 முதல் அப்படிக் கொல்வதைச் சட்டத்தால் தடுத்துவிட்டது. நாமக்கல் முட்டையைச் ‘சைவம்’ என்று வாதாடும் நண்பர்களிடம் இந்தச் சேவல் குஞ்சைப் பற்றிச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

பல்லடத்துக்கு அருகே உறவினர் ஒருவர் கறிக்கோழிக் கொட்டகை போட்டிருக்கிறார். குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. இடம், கரண்ட், உழைப்பு இவருடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. நாற்பது கிராம் குஞ்சு ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ ஆகிவிடும். நான் போயிருந்தபோது இரவும் விளக்கு எரிந்தது. நெஞ்சு பருத்த வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காமல் சில கோழிகள் உட்கார்ந்தபடியே தீவனத்தட்டை எட்டின. மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டின் மருந்தைக்கூடப் பண்ணைகளில் போட்டுக்கொண்டிருந்து, 2019-இல் மத்திய அரசு தடை விதித்த கதையை அவர்தான் சொன்னார். சாப்பாட்டுக்குக் கோழிக்குழம்பு. கொட்டகைக் கோழியா என்று கேட்டேன். “வீட்டுக்கு நாட்டுக்கோழி வச்சிருக்கோமுங்க” என்று வீட்டுக்காரம்மா பஞ்சாரத்தைக் காட்டினார். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கோழிகள் சுமார் 12 கோடி, நாட்டிலேயே அதிகம். வெள்ளாடுகள் ஒரு கோடியை ஒட்டி. ஆனால் ஆட்டைப் போல் முகம் நினைவில் நிற்கிற ஒரு கோழியைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

இதையெல்லாம் வைத்துக் கூறுக்கறிக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிடவும் முடியாது. பத்துக் கூறில் எந்தக் கூறும் தெருவைத் தாண்டிப் போனதில்லை. கோயில் கொடைக்கு மேளம் அடித்தவர்களுக்கு என்ன பங்கு, எப்போது, எங்கே நின்று வாங்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. தோலை உரித்தவனைத் தொடாமல் தோல் செருப்புப் போட்டு நடந்த ஊர் அது. ஆட்டின் ஊரை அறிந்திருந்தோம். கத்தி பிடித்தவரின் வீட்டுக்குள் போனதில்லை. இன்னொன்றும் உண்டு. தீபாவளிக்கும் கொடைக்கும் மட்டும் கறி பார்த்த கொத்தனார் வீட்டுப் பிள்ளைகளை வாரம் ஒரு முறை கறி தின்ன வைத்தது பிராய்லர்தான். அவர்களிடம் போய்ப் பஞ்சாரத்துக் கோழியின் பெருமையைப் பேச எனக்கு நா எழாது.

அந்தப் பழைய ஏற்பாட்டில் மெச்ச எனக்கு ஒன்றே ஒன்று மிஞ்சுகிறது. அதில் அளவு இருந்தது. ஓர் ஆட்டுக்கு ஒரு சுவரொட்டி, இரண்டு தொடை, நான்கு கால் என்று கண் முன்னே தெரியும்போது அதற்குமேல் கேட்க வழியில்லை. தொடைக்கறி மட்டும் வேண்டும் என்றால் எத்தனை ஆடு வேண்டும் என்ற கணக்கு சிறு பிள்ளைக்கும் புரிந்தது. ஆடு கண்ணிலிருந்து மறைந்தபோது இரக்கம் குறைந்ததாக நான் நினைக்கவில்லை. முன்பும் அது பெரிதாக இருந்ததில்லை. மறைந்தது எல்லை.

இப்போது நான் வாங்கும் கடையில், “எந்தச் சந்தை ஆடு அண்ணாச்சி?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. “அய்யலூரு” என்பார். ஒரு நாள் கத்தியைத் தீட்டிக்கொண்டே அவர் திருப்பிக் கேட்டார்: “தெரிஞ்சு என்ன செய்யப் போறீக?” செய்யக்கூடியது அதிகமில்லைதான். தொடையோடு குடலையும் தலையையும் வாங்கலாம். மொத்தத்தில் குறைவாக வாங்கலாம். பால்குடி மறவாத குட்டி என்றால் வேண்டாம் என்று திரும்பலாம். கொல்வது சரியா என்ற கேள்விக்கு வள்ளுவரிடம் தெளிவான விடை இருக்கிறது. அதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை, ஏற்க நாக்கு சம்மதிக்கவில்லை. அந்தக் கேள்வியில் தோற்றவன் ‘எவ்வளவு’ என்ற அடுத்த கேள்வியிலிருந்தும் நழுவக்கூடாது. அதற்காகவாவது, விற்பவர் சலித்துக்கொண்டாலும், எந்தச் சந்தை என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.