கடைசி ஒரு டிகிரி

டெட்ராய்ட்டுக்கு வடக்கே மௌண்ட் ரோடு நெடுகிலும் டூல் அண்ட் டை பட்டறைகள். அவற்றில் ஒன்றின் பின்கட்டில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு ஷெட். காலை எட்டரைக்கு என் 2003 மஸ்டாங் கோப்ராவை அதற்குள் விட்டபோதும் நான் முடிவெடுத்திருக்கவில்லை. வண்டியை டியூன் செய்வதா, இல்லை பழைய புல்லியை மாட்டி, கம்பெனி புரோகிராமையே திரும்ப ஏற்றிக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போவதா?

வண்டி கைமாறி வந்தது. எனக்கு முன் வைத்திருந்தவர் சூப்பர்சார்ஜரின் புல்லியைச் சின்னதாக மாற்றி, ரெடிமேட் டியூன் ஒன்றைத் தபாலில் வாங்கி ஏற்றியிருந்தார். ஜூலையில் ஒருநாள் ஐ-75 நெடுஞ்சாலையில் ஏறும்போது மூன்றாம் கியரில் முழுசாக மிதித்தேன். காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் நாலைந்து சத்தம். காலை எடுத்துவிட்டேன். அதன்பிறகு மூன்று வாரம், தலையில் முட்டைக்கூடை சுமப்பவன்போலத்தான் ஓட்டினேன்.

இங்கே ஒரு கார் கம்பெனியில் இன்ஜின் காலிப்ரேஷன் பார்க்கும் மதுரை நண்பனிடம் சொன்னேன். "டேய், டெத் வேலி வெயில்லயும் மைனஸ் குளிர்லயும் வருஷக்கணக்கா ஓட்டிப் பாத்து எழுதுறோம்டா நாங்க. அதை ஒருத்தன் ஒரே மத்தியானத்துல திருத்திருவானா? பேசாம பழைய புல்லியைப் போடு" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. அந்தச் சந்தேகத்தையும் கூடவே ஏற்றிக்கொண்டுதான் போயிருந்தேன்.

வெளியாளுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜினுக்கு ஊதும் துருத்தி. இந்த வகைக்கு ரூட்ஸ் என்று பெயர். இண்டியானாவின் கானர்ஸ்வில் ஊரைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் பேட்டண்ட் எடுத்தது. வார்ப்படச் சாலை உலைகளுக்குக் காற்றடித்த கருவி, பிறகு காருக்குள் வந்தது. என் வண்டியில் இருப்பது ஈட்டன் எம்112. ஒரு சுற்றுக்கு 112 கன அங்குலம், அதாவது 1.8 லிட்டருக்குச் சற்று மேல் காற்றை இன்ஜினுக்குள் தள்ளும். இதைச் சுழற்றுவது இன்ஜின் பெல்ட்தான். புல்லி சிறுத்தால் துருத்தி வேகமாகச் சுற்றும், காற்று அதிகம் போகும். கம்பெனி வைத்திருந்தது மூன்றரை அங்குலத்துக்கு மேல். இப்போது இருப்பது 2.93. பூஸ்ட், அதாவது உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம், 8 பிஎஸ்ஐயிலிருந்து 12க்குப் போய்விட்டது. காற்று கூடினால் பெட்ரோலும் அதற்கேற்பக் கூட வேண்டும், தீப்பொறி விழும் நேரமும், அதாவது டைமிங்கும், மாற வேண்டும். இந்த இரண்டையும் சரிப்படுத்துவதுதான் டியூன்.

ஷெட்டில் இருவர். அறுபதை ஒட்டிய பெரியவர் ஒருவர், லேப்டாப்பும் கையுமாக இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி. வந்தவுடன் வண்டியைச் சக்தியளக்கும் டைனோ உருளைமேல் ஏற்றுவார்கள் என்று நினைத்தேன். இருபது நிமிடம் வண்டிப் பக்கமே வரவில்லை. கேள்விகள்தான். எந்த பங்க்கில் பெட்ரோல் போடுகிறீர்கள்? அங்கே எப்போதும் 93 ஆக்டேன் கிடைக்குமா, 91 போட வேண்டிவருமா? ஆகஸ்ட் வெயிலில் ஏசி போட்டு டிராஃபிக்கில் நிற்பீர்களா? வேறு யாரிடமாவது சாவி கொடுப்பீர்களா? "உட்வர்டு ட்ரீம் குரூஸுக்குப் போவேன்" என்றதும் அந்தப் பெண் சிரித்தாள். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை, மைல் கணக்கில் பழைய வண்டிகள் ஊர்ந்துபோகும் ஊர்வலம் அது. இன்ஜின் வெந்துபோக அதைவிடத் தோதான இடம் கிடையாது.

பிறகு பெரியவர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றச் சொன்னார். எட்டையும் சிலிண்டர் வரிசைப்படி துணியில் பரப்பி, நகைக்கடைக்காரர் பிடிக்கிற மாதிரிக் கண்ணில் ஒரு லென்ஸ். முதல் நான்கையும் சட்டென்று கடந்தார். ஏழாவதில் நின்றார். என்னிடம் நீட்டினார். "பீங்கானைப் பாருங்க." வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். அவற்றுக்கிடையே மினுங்கும் சின்னஞ்சிறு உருண்டைகள் இரண்டு. அலுமினியம். என் பிஸ்டனின் மேல்தோலிலிருந்து உருகிப் பறந்தது. பிளக்கின் வளைந்த கம்பியில் நிறம் மாறும் கோடு ஒன்று இருக்கிறது. அது நுனியில் விழுந்தால் டைமிங் போதவில்லை. கம்பி முளைக்கும் அடிப்பாகம்வரை இறங்கினால் அதிகம். என்னுடையது அடியில் கிடந்தது. ஜூலையில் கேட்ட கடுகுச் சத்தத்தைக் கண்ணால் பார்த்தேன்.

இன்ஜின் பிளாக்கில் ஒரு போல்ட்டை எடுத்துவிட்டு, நுனியைத் தட்டையாக்கிய செம்புக்குழாய் ஒன்றை அங்கே முடுக்கினார்கள். அதிலிருந்து ரப்பர் ஹோஸ் ஜன்னல் வழியே உள்ளே வந்து, காதை மூடும் மஃப்பில் சேர்கிறது. கோவையில் அப்பாவின் அம்பாசடருக்கு வேலை பார்த்தவர் நீள ஸ்குரூடிரைவரின் பிடியைக் காதோரம் வைத்து பேரிங் சத்தம் பிடிப்பார். அதே வித்தைதான். ஹோஸில் ஒரு டி-ஜாயின்ட் போட்டு எனக்கும் ஒரு மஃப் கொடுத்து, பக்கத்து இருக்கையில் உட்காரச் சொன்னார்.

ஒருவழியாக வண்டி உருளைமேல் ஏறியது. நான்காம் கியர். அதில்தான் விகிதம் ஒன்றுக்கு ஒன்று. முழு மிதி. 5,000 சுற்று தாண்டியதும் அந்தப் பெண் கையை உயர்த்தினாள். அவர் உடனே காலை எடுத்தார். திரையில் 12.7. ஒரு பங்கு பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 பங்கு காற்று என்பது பாடப்புத்தகக் கணக்கு. துருத்தி ஊதும் இன்ஜின் முழு மிதியில் 11.5க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், உபரிப் பெட்ரோல்தான் அறையைக் குளிர்விக்கிறது. என் வண்டியில் பெட்ரோல் கம்மி. காரணம் சாதாரணம். ரெடிமேட் டியூன் எழுதியவர், வண்டியில் கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டி இருப்பதாக நம்பி எழுதியிருந்தார். இங்கே இருந்தது திறந்த கூம்பு ஃபில்டர். காற்றளக்கும் சென்சார் குழப்பத்தில் குறைத்துச் சொல்ல, கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் குறைத்தது. தைத்து வாங்காத சட்டை போலத்தான். தோளில் பொருந்தினால் கையில் இடிக்கும்.

அந்த அட்டவணையைத் திருத்தவே ஒன்றரை மணி நேரம். பிறகு ஓட்டியதில் சக்கரத்தில் 417 குதிரைச்சக்தி. அடுத்தது டைமிங். 15 டிகிரியில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். 16க்கு ஏழு கூடியது, 17க்கு ஐந்து. 18க்கு நான்கு. 19இல் இரண்டே இரண்டு. 19இல் அவர் இரண்டு விரலைத் தூக்கினார். இரண்டு முறை அந்தக் கடுகுச் சத்தம் தட்டியதாம். அதே ஹோஸ், அதே சத்தம். எனக்குத் துருத்தியின் ஊளையைத் தவிர ஒன்றுமே கேட்கவில்லை. அந்த நொடியில்தான் என் மனம் ஒரு பக்கம் சாய்ந்தது என்று நினைக்கிறேன். நண்பன் சொன்ன ஆண்டுக்கணக்கான வேலைக்கு இது ஈடாகாதுதான். ஆனால் அந்த வேலை முழுக்க, புல்லி மாறாத வண்டிக்குச் செய்தது. இந்த வண்டிக்குக் காது கொடுத்தவர் இவர் ஒருவர்தான்.

18லேயே நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். நிறுத்தவில்லை. விசிறியைப் பாதியாகக் குறைத்து, இடைவெளி விடாமல் மூன்று முறை ஓட்டினார். துருத்தி சூடேற ஏற குதிரைச்சக்தி இறங்கியது. மூன்றாவதில் 18 டிகிரியிலேயே அவருக்கு ஒரு தட்டு கேட்டது. 17க்கு இறக்கிவிட்டார். சிலர் ஐஸ் மூட்டையைத் துருத்திமேல் வைத்துப் பெரிய நம்பரைப் பிரிண்ட் எடுத்துப் போவார்களாம். "அவங்க வண்டி ஐஸோட ரோட்டுல போறதில்லையே" என்றாள் அந்தப் பெண். இன்னொரு தந்திரத்தையும் காட்டினாள். எஸ்ஏஇ என்றிருந்த திருத்தக் கணக்கை மௌஸில் எஸ்டிடி என்று மாற்றினாள். வண்டியை யாரும் தொடவில்லை. எண் மட்டும் நான்கு சதவீதம் ஏறியது. யாராவது டைனோ தாளை நீட்டினால் இனி நான் முதலில் அந்த மூன்றெழுத்தைத்தான் தேடுவேன்.

கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றினால் இன்னும் பத்துப் பதினைந்து வருமே என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். மிச்சிகனில் புகைச் சோதனை கிடையாது. அவர் மறுத்துத் தலையசைத்தார். "மாநிலம் சோதிக்காது. ஆனா மத்திய அரசோட சட்டம் இருக்கு. கடையை மூடிட்டு நான் எங்க போறது?"

மூடும் முன் இன்ஜின் மேலிருந்த சிறு தகட்டைப் பெரியவர் கட்டைவிரலால் துடைத்தார். இந்த வகை இன்ஜின்கள் இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்த ரோமியோ ஆலையில், இரண்டிரண்டு பேராகக் கையால் கோத்தவை. கோத்த இருவரும் தகட்டில் கையெழுத்திட்டார்கள். என்னுடையதில் ஒரு கையெழுத்து சூட்டில் மங்கிப்போய், முதலெழுத்து மட்டும் தெரிகிறது.

என்னைப் போல ஒருவர் கேட்டால் நான் சொல்வது இதுதான். சூப்பர்சார்ஜர் வண்டி கம்பெனி அமைப்பிலேயே இருந்தால் டியூனுக்குச் செலவழிக்காதீர்கள், அந்தப் பணத்துக்கு நல்ல டயர் வாங்கலாம். புல்லியிலோ ஃபில்டரிலோ கை வைத்திருந்தால், தபாலில் வந்த புரோகிராமோடு இன்னொரு முறை முழுசாக மிதிக்காதீர்கள். முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். டியூன் செய்யப் போகும் இடத்தில் எவ்வளவு குதிரைச்சக்தி தருவீர்கள் என்று கேட்காமல், எங்கே நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள்.

எனக்கு ஆன செலவு 600 டாலர். பானெட்டின் உட்புறம் அந்தப் பெண் ஒட்டிய தாளில் கையால் எழுதியிருக்கிறது: 17 டிகிரி, 93 ஆக்டேன் மட்டும், எஸ்ஏஇ 429.