மோட்டார் சம்பாதிக்கிறது, கார் செலவழிக்கிறது

நிபோங் திபாலில் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை ‘ஹோண்டா’ என்றால் கார் இல்லை, மோட்டார்தான். அப்பா தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய இ.எக்ஸ். 5, அவர் தொழிற்சாலைக் காவலாளியான பிறகும் ஓடியது. என்னை வானொலி நேர்முகத் தேர்வுக்குப் பேருந்து நிலையம் வரை கொண்டுபோய் விட்டதும் அதுதான். நம் குடும்பங்களில் பாதிக்கு மேல் இப்படி ஒரு கப்சாய் கதை இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதனால்தான் தம்பி சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு யோசனையோடு வந்தபோது வீட்டில் யாரும் உடனே மறுக்கவில்லை. அப்பாவின் சேமநிதியில் மிஞ்சிய 20,000 வெள்ளி அம்மாவின் வங்கிக் கணக்கில் கிடந்தது. கூரை ஒழுகினாலும் அதுதான், உடம்புக்கு முடியாமல் போனாலும் அதுதான். வேறு கையிருப்பு அம்மாவுக்கு இல்லை.

“அக்கா, ஹோண்டா பங்கு இப்ப ரொம்ப மலிவா இருக்கு. கம்பெனியோட சொத்து மதிப்பைவிடக் குறைஞ்ச விலைக்கு விக்கிது. சும்மா கெடக்கிற காச அதுல போடுவோமே” என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. ஹோண்டா கோலாலம்பூர் சந்தையில் இல்லை. தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் விற்கிறார்கள். கைப்பேசிச் செயலி இருந்தால் நிபோங் திபாலில் உட்கார்ந்தே வாங்கலாம். பங்கு விலை, கணக்குப் புத்தகத்தில் உள்ள மதிப்பைவிட வெகு கீழே இருந்ததும் உண்மை.

நான் நிதி ஆலோசகர் இல்லை. நீளமான அறிக்கையை இரண்டு நிமிடத்தில் நேயர்களுக்குப் புரியும்படி சொல்வது என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில், மலிவு என்றால் ஏன் மலிவு என்று தேடிப் படித்தேன்.

முதலில் கண்ணில் பட்ட கணக்கே வியப்பாக இருந்தது. 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் ஹோண்டா குழுமம் விற்றது 2 கோடியே 5 லட்சத்துக்கும் அதிகமான மோட்டார் சைக்கிள்கள், சுமார் 37 லட்சம் கார்கள். உலகில் விற்கும் பத்து மோட்டாரில் ஏறக்குறைய நான்கு அவர்களுடையது. மோட்டார் பிரிவின் செயல்பாட்டு லாபம் 663 பில்லியன் யென். கார் பிரிவின் லாபம் 243 பில்லியன் யென் சொச்சம். மோட்டாரில் வரும் வருமானமோ கார் வருமானத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான்.

வேறு விதமாகச் சொல்கிறேன். 100 வெள்ளிக்கு மோட்டார் விற்றால் அவர்கள் கையில் 18 வெள்ளி நிற்கிறது. 100 வெள்ளிக்குக் கார் விற்றால் 2 வெள்ளிகூட நிற்பதில்லை. ஊருக்குத் தெரிய ஓடுவது கார். வீட்டுக்குச் சோறு போடுவது மோட்டார்.

இதற்குக் காரணம் உண்டு. 1958-இல் வந்த சூப்பர் கப் வண்டியின் வம்சம்தான் நம் சாலைகளில் ஓடும் கப்சாய். 2017-இல் அந்த வரிசையின் உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. எளிமையான எஞ்சின், பல வண்டிகளுக்கும் பொதுவான உதிரிப்பாகங்கள், விற்கும் நாட்டிலேயே உற்பத்தி. நம் நாட்டிலும் பினாங்கு பத்து காவானில், எங்கள் வீட்டிலிருந்து சற்றுத் தொலைவிலேயே ஹோண்டா மோட்டார்கள் பூட்டப்படுகின்றன. ஒரே வேலையை அறுபது ஆண்டுகளுக்கு மேல் செய்து செய்து செலவைக் குறைத்திருக்கிறார்கள்.

சரி, அந்தக் காசு எங்கே போகிறது? மின்சாரக் காருக்கு. 2021-இல் தலைமை நிர்வாகியான தோஷிஹிரோ மிபே, 2040-க்குள் விற்கும் புதிய கார்கள் அனைத்தும் மின்சாரத்திலோ ஹைட்ரஜன் எரிகலத்திலோ ஓடும் என்று அறிவித்தார். பிறகு அதற்கு 10 டிரில்லியன் யென் ஒதுக்குவதாகவும் சொன்னார்கள். 2025 மே மாதம் அதே மிபே அந்தத் தொகையை 7 டிரில்லியனாகக் குறைத்தார். கனடாவில் 15 பில்லியன் கனடிய டாலரில் தொடங்கவிருந்த மின்சாரக் கார்த் திட்டத்தையும் இரண்டு ஆண்டு போலத் தள்ளி வைத்தார்கள். பதிலுக்கு 2027 முதல் நான்கு ஆண்டுகளில் 13 புதிய ஹைபிரிட் கார்களைக் கொண்டு வருவது, 2030-இல் 22 லட்சம் ஹைபிரிட் விற்பது என்பது அப்போது வைத்த புதிய இலக்கு.

பின்வாங்கல் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதன்கிழமை தோறும் எண்ணெய் விலையை வாசிக்கும் நான், நேயர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதைத் தினமும் பார்க்கிறேன். மின்சாரக் கார் பற்றிப் பேசினால் வரும் முதல் கேள்வி விலை இல்லை, “அடுக்குமாடியில ஏழாவது மாடியில இருக்கேன், எங்க சார்ஜ் போடுறது?” என்பதுதான். ஹைபிரிட் காருக்கு அந்தக் கவலை இல்லை. ஹோண்டாவின் முறையில் நகர நெரிசலில் மின்மோட்டார் சக்கரத்தை ஓட்டும், எஞ்சின் அதற்கு மின்சாரம் உண்டாக்கும். நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் எஞ்சினே நேராகச் சக்கரத்தோடு சேர்ந்துகொள்ளும். கம்பி எதையும் செருக வேண்டாம். பாதி வழி கடக்கும் குடும்பங்களுக்கு இது ஒரு பாலம்.

ஆனால் பாலத்தில் எவ்வளவு காலம் நிற்பது? அங்கேதான் எனக்குத் தயக்கம் வந்தது. சீனாவில் 2020-இல் ஹோண்டா 16 லட்சத்துக்கும் அதிகமான கார்களை விற்றது. 2024-இல் விற்றது 8 லட்சத்து 52 ஆயிரம். அங்குள்ளவர்கள் உள்ளூர் மின்சாரக் கார்களுக்கு மாறிவிட்டார்கள். அந்தச் சீனக் கார்கள் இப்போது பெட்டாலிங் ஜெயாவின் காட்சிக்கூடங்களிலும் நிற்கின்றன. நிசானோடு இணைய 2024 டிசம்பரில் தொடங்கிய பேச்சும் 2025 பிப்ரவரியில் முறிந்தது. பிறகு அமெரிக்கா கார்களுக்கு இறக்குமதி வரியைக் கூட்டியது. 2026 மார்ச்சில் முடியும் ஆண்டுக்கு நிகர லாபம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறையும் என்று ஹோண்டாவே 2025 மே மாதம் கணித்தது. அப்படியும் பங்கு ஒன்றுக்கு 70 யென் ஈவுத்தொகை தருவதாகச் சொன்னது. வருமானம் குறைந்தாலும் கொடுக்க முடிகிறது என்றால் பின்னால் மோட்டார் நிற்கிறது என்று பொருள்.

மோட்டாரும் அசையாத பாறை இல்லை. ஹோண்டாவுக்கு மிகப் பெரிய மோட்டார் சந்தை இந்தியா. அங்கே மின்சார ஸ்கூட்டரில் முன்னே ஓடுபவர்களில் பலர் தமிழ்நாட்டில்தான் தயாரிக்கிறார்கள்: டி.வி.எஸ்., ஏத்தர் ஆகியவை ஓசூரில், ஓலா கிருஷ்ணகிரி மாவட்டத்தில். ஹோண்டா தன் புகழ்பெற்ற ஆக்டிவாவின் மின்சார வடிவத்தை 2024 நவம்பரில்தான் அறிமுகம் செய்தது. எஞ்சினில் 18 வெள்ளி கண்டவர்கள் மின்கலத்திலும் அதே 18-ஐக் காண்பார்களா? ஹோண்டா பங்கை வாங்க நினைப்பவர்கள் காரைவிட இந்தக் கேள்வியைத்தான் கவனிக்க வேண்டும் என்பது என் எண்ணம். கார் சறுக்கினால் மோட்டார் தாங்கும். மோட்டார் சறுக்கினால் தாங்குவதற்கு ஆள் இல்லை.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அம்மாவுக்குச் சொன்னேன். தம்பியும் இணைப்பில் இருந்தான். அம்மா இடையில் பேசவே இல்லை. முடிந்ததும் கேட்டார்:

“அந்தக் கம்பெனி மோட்டார்ல சம்பாதிச்சு கார்ல போடுது. காரு ஓடுமா ஓடாதான்னு எப்ப தெரியும்?”

“2030 ஆகும்மா” என்றான் தம்பி.

“அப்ப எனக்கு அறுபத்தி மூணு வயசு. அதுக்குள்ள கூரை காத்திருக்குமாடா?”

தம்பி சிரித்துவிட்டான். ஆனால் அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. ஹோண்டா நல்ல நிறுவனமா என்பது ஒரு கேள்வி. இந்தப் பணத்துக்கு ஹோண்டா பொருத்தமா என்பது இன்னொரு கேள்வி. யென் ஏறி இறங்கும், டாலர் ஏறி இறங்கும், இரண்டையும் வெள்ளிக்கு மாற்றும்போது வேறு கணக்கு வரும். ஐந்தாறு ஆண்டு பொறுக்கக்கூடிய பணம் அதைத் தாங்கும். அவசரத்துக்கு எடுக்க வேண்டிய பணம் தாங்காது.

அம்மாவுக்குப் பழைய தொழிற்சாலை வேலையில் திறந்த சேமநிதிக் கணக்கு இன்னும் இருக்கிறது. 55 வயதைத் தாண்டியவர்களும் அதில் சுயமாகப் பணம் போடலாம். 2024-ஆம் ஆண்டுக்கு ஊழியர் சேமநிதி வாரியம் கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. 20,000 வெள்ளிக்கு ஓர் ஆண்டில் 1,260 வெள்ளி. ஒவ்வோர் ஆண்டும் அதே விகிதம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பணம் அங்கே போனது.

தம்பிக்கு 27 வயது, மாதச் சம்பளம் வருகிறது, கல்யாணம் இன்னும் பேச்சில்கூட இல்லை. அவன் தன் சம்பளத்திலிருந்து மாதம் 300 வெள்ளிக்கு ஹோண்டா வாங்குகிறான். நான் தடுக்கவில்லை. 2030 வரை காத்திருக்க அவனால் முடியும். அவன் வாங்கும் நிறுவனமும் அதைத்தான் செய்கிறது: நிலையாக வரும் வருமானத்தை வைத்துக்கொண்டு, நிச்சயமில்லாத ஒன்றில் அளவோடு கை வைக்கிறது.

முதலீடு பற்றி என்னிடம் கேட்கும் இளம் நேயர்களுக்கு இப்போது ஒன்றை மட்டும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் மோட்டார் எது, கார் எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். மாதா மாதம் தவறாமல் வருவது மோட்டார். வரும் என்று நம்பிச் செலவழிப்பது கார். இரண்டும் வேண்டும். மோட்டாரை விற்றுக் காரில் மட்டும் போடாதீர்கள்.

சென்ற வாரம் அம்மா அழைத்தார். மழைக்கு முன்னே கூரைக்கு ஆள் பார்த்துவிட்டாராம். கொத்தனார் 2,800 வெள்ளி கேட்கிறார், குறைத்துப் பேச நான் வர வேண்டுமாம்.