தண்ணியைக் கேட்டு ஓட்டை போடு!

மினசோட்டாவில் கனடா எல்லைப் பக்கம் ரோஸோ என்று ஒரு சின்ன ஊர். போலாரிஸ் கம்பெனி 1954-ல் பிறந்தது இங்கேதான். ஜனவரியில் போனால், மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்!

ஊர் முழுக்க ஸ்னோமொபைல். முன்னால் இரண்டு சறுக்குப் பட்டை, பின்னால் ரப்பர் பெல்ட். வெளியூர் கொண்டுபோக நாலு பக்கமும் மூடிய டிரெய்லர்.

என் காலேஜ் நண்பனும் ஒன்று வைத்திருந்தான். ராத்திரி வண்டியோடு டிரெய்லரை ஹீட்டர் போட்ட ஷெட்டில் விட்டோம். காலையில் திறந்தால் உள்ளே குளம்! ஒட்டி வந்த பனியெல்லாம் உருகியிருந்தது.

"வெளியே எடுத்தா மறுபடி ஐஸாயிடும். வண்டி தரையோட ஒட்டிக்கும். அதைவிட, பிளைவுட் தரை ஊறி மக்கிடும்டா. சேர்த்து வெச்ச காசு!" அவன் முகம் தொங்கிவிட்டது.

"ஓட்டை போட்டா போச்சு!" என்றது என் பி.காம். மூளை. முன்பக்கம் போட்டேன். தண்ணி பின்மூலையில் நின்று சிரித்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். ஜாக்கியால் டிரெய்லரின் மூக்கைத் தூக்கினார். "தண்ணி எங்கே போய் நிக்குதோ அங்கே போடுங்கப்பா. அடியில இரும்புச் சட்டம் இருக்கு, பார்த்து!"

ஓட்டை ஒரு அங்குலமாவது வேண்டுமாம். சின்னதென்றால் ஐஸ் அடைத்துவிடும். பிளைவுட் தண்ணி குடிப்பது வெட்டிய விளிம்பில்தான். அங்கே நன்றாகப் பெயின்ட் அடித்துக் காயவிட்டு, குட்டையாக நேர்க்குழாய் சொருகி, சுற்றிலும் சீலன்ட். ரோட்டில் போகும்போது சேறு மேலே அடிக்காமல் ஒரு மூடி.

அடுத்த வாரம் குளமில்லை. பக்கெட்டில் தண்ணி, நண்பன் முகத்தில் சிரிப்பு.

நான் போட்ட ஓட்டை? அதை அடைத்து, மேலே என் பேரை எழுதி வைத்திருக்கிறான்!