ஐந்நூறாவது யூனிட்

ஏப்ரல் 8, 2025

நேற்று அறிவித்த விலை இன்றே அமலுக்கு வந்துவிட்டது. சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏற்றம். சென்னையில் 818 ரூபாய் 50 காசுக்கு வந்தது இனி 868 ரூபாய் 50 காசு. தூக்கிக்கொண்டு மாடியேறுகிறவருக்குக் கொடுப்பது தனி.

"பேசாம கரண்ட் அடுப்புக்கு மாறிடலாமா?" என்று சாப்பிடும்போது கேட்டேன். அம்மா காதில் விழாதது போல ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். மனைவிதான், "முதல்ல கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்க. அப்புறம் அடுப்பைப் பத்திப் பேசலாம்" என்றாள். வங்கியில் காலம் முழுக்க வட்டி போட்டவனுக்கு இதைவிட நல்ல அழைப்பு வேண்டுமா?

ஏப்ரல் 12

14.2 கிலோ வாயுவில் உள்ள வெப்பத்தை மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 180 யூனிட். அத்தனையும் பாத்திரத்துக்குள் போவதில்லை. அடுப்புக்கான இந்தியத் தரநிர்ணயம் குறைந்தது 68 சதவீதத் திறன் கேட்கிறது. அது சோதனைக்கூடத்தில், அகலப் பாத்திரம் வைத்து அளப்பது. நம் வீட்டில் சின்னப் பால் பாத்திரத்தைச் சுற்றித் தீ வெளியே நக்குகிறது. 55 என்று வைத்துக்கொண்டேன். இண்டக்‌ஷன் அடுப்புக்கு 85. ஆக, ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்கு ஏறக்குறைய 116 யூனிட் போதும். எங்களுக்கு ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வருவதால் இரண்டு மாதச் சமையலுக்கு 155 யூனிட்.

போன மின்கணக்கில் 430 யூனிட், 1,364 ரூபாய். அதோடு 155 சேர்ந்தால் 585. இங்கேதான் கதை மாறுகிறது. இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரைக்கும் ஒரு விலைப்பட்டியல், தாண்டினால் வேறொன்று. நூறு வரை இலவசம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் அடுத்த நூறு யூனிட்டை 2 ரூபாய் 35 காசுக்குக் கொடுத்தவர்கள், கோட்டைத் தாண்டியதும் அதையே 4 ரூபாய் 70 காசு ஆக்கிவிடுகிறார்கள். ஐந்நூற்றுக்கு மேலே அறுநூறு வரை போகும் யூனிட் 8 ரூபாய் 40 காசு. 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் கட்டுகிறவர் 501க்கு 2,048 கட்டவேண்டும். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய்!

585 யூனிட்டுக்கு 2,754 ரூபாய். கூடுதலாகக் கட்டுவது 1,390. மிச்சமாகும் கேஸ் செலவோ 1,158தான். அடுப்பை மட்டும் மாற்றினால் நஷ்டம்.

மனைவியிடம் தாளைக் காட்டினேன். "நான் சொன்னேன்ல" என்று சொல்லாமல் விட்டதற்கு அவளுக்கு நன்றி.

ஏப்ரல் 20

அப்படியானால் 155 யூனிட்டுக்கு வேறெங்காவது இடம் காலி செய்யவேண்டும். ராத்திரி படுத்துக்கொண்டு மேலே பார்த்தபோது பதில் சுற்றிக்கொண்டிருந்தது.

பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் தின்கிறது. பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த புது விசிறி அதே வேகத்துக்கு 30 வாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. உள்ளே காந்தமும் ஒரு சின்ன மின்சுற்றும் இருப்பதால் மோட்டாரில் சூடாக வீணாவது குறைவு. சென்னை வீட்டில் ஒரு விசிறி நாளைக்குப் பதினைந்து மணி நேரமாவது ஓடும். இரண்டு மாதத்தில் ஒன்றுக்கு நாற்பது யூனிட் மிச்சம். நான்கு விசிறிக்கு 160. சமையலுக்கு வேண்டியதைவிட ஐந்து யூனிட் அதிகமாகவே!

யாரும் இதை இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அடுப்பு விற்கிறவர் அடுப்பின் திறனைச் சொல்கிறார், விசிறி விற்கிறவர் விசிறியின் திறனைச் சொல்கிறார். இரண்டும் ஒரே மீட்டரில்தான் ஓடுகின்றன என்பது வீட்டுக்காரன் தலைவலி. நான்கு விசிறிக்கும் புது அடுப்புக்கும் ஆர்டர் போட்டாயிற்று.

மே 4

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். சமையலறையில் மிக்ஸி செருகும் 6 ஆம்பியர் பிளக்கைப் பார்த்து, "சார், இதுல 2000 வாட் அடுப்பைச் செருகினா உருகிடும்" என்றார். 230 வோல்ட்டில் அது ஒன்பது ஆம்பியர் கிட்ட இழுக்கும். மெயின் போர்டிலிருந்து தனி வயர் இழுத்து, தனி எம்.சி.பி. போட்டு, 16 ஆம்பியர் பாயிண்ட் வைத்துக் கொடுத்தார். அடுப்பின் விலைக்குக் கொஞ்சம் குறைவாக வயரிங் செலவு.

மே 6

ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துக்கொண்டு மனைவி பாத்திர அலமாரி முழுக்கப் பரிசோதனை நடத்தினாள். அடியில் ஒட்டினால் தேறியது, ஒட்டாவிட்டால் பரண். இண்டாலியம் சட்டி, செப்புப் பானை, பித்தளை உருளி எல்லாம் பரணுக்கு. எவர்சில்வரில் பாதி ஒட்டியது, பாதி ஒட்டவில்லை. இரும்புச் சட்டி, தோசைக்கல் முதல் மார்க்கில் தேறின. கண்ணாடிக்கு அடியில் உள்ள சுருள் கம்பி தானாகச் சூடேறுவதில்லை. அது நொடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறும் காந்தப்புலத்தை உண்டாக்க, பாத்திரத்தின் அடிப்பகுதியே கொதிக்கிறது. பாத்திரம் இரும்புக் குணம் இல்லாததாக இருந்தால் அடுப்பு பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிடும்.

அம்மாவின் ஈயச் சொம்பும் தேறவில்லை. ரசம் அதில்தான் வைப்பாள். சரியாகச் சொன்னால் அது ஈயமே இல்லை, வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். அதனால்தான் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் ஏற்றக்கூடாது என்று அந்தக் காலத்தில் அடித்துச் சொல்லிவைத்தார்கள். "எவர்சில்வர்ல வெச்சா அது ரசமாடா? புளித்தண்ணி" என்றாள் அம்மா. வாயு அடுப்பை ஓரத்தில் அப்படியே விட்டுவைத்தோம்.

மே 17

பால், அரிசி, பருப்பு, இட்லி இவற்றில் புகாரே இல்லை. குக்கர் விசில் சீக்கிரம் வருகிறது. முக்கியமாக, அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு வேர்வை வழிவது குறைந்திருக்கிறது. இந்த மே மாதத்தில் அது ஒன்றே போதும் என்கிறாள் மனைவி.

தகராறு தோசையில். விலை குறைந்த அடுப்பில் சுருள் சின்னது. கல்லின் நடுவில் வளையமாகச் சூடு ஏறி, நடுத்தோசை முறுகும்போது ஓரம் வெளுத்துக் கிடக்கிறது. குறைந்த வாட்டில் பத்து நிமிடம் கல்லைக் காயவிட்டால் சூடு பரவுகிறது. எடுத்த எடுப்பில் 2000 வைத்தால் வார்ப்பிரும்புக் கல் விரிசல் விடவும் கூடும். இன்னொன்று, தாளிக்கரண்டி. அதன் குழி அடியை அடுப்பு பாத்திரமாகவே மதிக்கவில்லை. பன்னிரண்டு சென்டிமீட்டர் அடியுள்ள சின்ன இரும்புச் சட்டி வாங்கியதும் கடுகு வெடித்தது. அப்பளம் சுடுவதும் கத்தரிக்காய் சுடுவதும் நெருப்பு கேட்கும் வேலைகள். அவை போயே போயின.

ஜூன் 9

ஏப்ரல்-மே கணக்கு: 640 யூனிட், 3,258 ரூபாய். ஏ.சி.யின் கைவரிசை. கத்திரி வெயிலில் கோடு எப்படியும் தாண்டும், அப்போது சமைக்கிற ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல். ஏ.சி.யை 26 டிகிரியில் வைத்து விசிறியைச் சேர்த்துப் போடுவது என்று தீர்மானம். டிகிரிக்கு 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் பணியகம். மகன் 22இல் வைத்துவிட்டுப் போர்வை போர்த்திக்கொள்கிற கட்சி. பேச்சுவார்த்தை தொடர்கிறது.

ஜூன் 23

ஹோர்முஸ் நீரிணையை மூட ஈரான் நாடாளுமன்றம் ஆதரவு தெரிவித்ததாகச் செய்தி. நம் நாட்டு சமையல் வாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம் இறக்குமதி. அதில் பெரும்பங்கு அந்தக் குறுகிய கடல்வழியாகத்தான் வரவேண்டும். நம் தெருவில் அந்த வாயு நீலமாக எரியும்போது அதை யாரும் நினைப்பதில்லை.

அதற்காக மின்சாரம் சுத்தம் என்று மார்தட்டவும் முடியாது. ஒரு சிலிண்டர் எரிந்தால் வெளியே போகும் கரியமிலவாயு சுமார் 42 கிலோ. அதே வேலைக்கான 116 யூனிட்டை இன்றைய இந்திய மின்கட்டமைப்பில் தயாரிக்க 80 கிலோவுக்கு மேல் போகிறது, பெரும்பகுதி நிலக்கரி என்பதால். என் அடுப்படியின் புகை எண்ணூர் அனல்மின் நிலையத்துப் பக்கம் குடிபோயிருக்கிறது, அவ்வளவுதான். எனக்குச் சமாதானம் விசிறிகள்தான். அவை மிச்சம் பிடிக்கும் 160 யூனிட்டில் சமையல் முடிந்துவிடுவதால், வீடு முன்பைவிட ஒரு யூனிட்கூட அதிகம் கேட்கவில்லை. சிலிண்டரின் 42 கிலோ மட்டும் கழிந்தது.

ஜூலை 27

ஆடிக்காற்று. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் சுழலும் காலம். தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டுக்கு மேல், இந்த மாதங்களில் நிலக்கரியின் பங்கு கொஞ்சம் இறங்கும். மத்தியானம் இரண்டு மணி நேரம் மின்தடை. இன்வெர்ட்டர் விசிறிக்கும் விளக்கும்தான். 2000 வாட்டை அது தூக்காது. வாயு அடுப்பில் காப்பி போட்டுக்கொண்டே அம்மா என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10

ஜூன்-ஜூலை கணக்கு: 487 யூனிட், 1,723 ரூபாய். கோட்டுக்கு இந்தப் பக்கம், மயிரிழையில். ஏப்ரலில் வந்ததைவிட 359 அதிகம்; மகன் போர்வையை விடவில்லை. வாயு ரசத்துக்கும் மின்தடைக்கும் மட்டும் என்பதால் சிலிண்டர் இன்னும் பாதிகூடக் காலியாகவில்லை. இரண்டு சிலிண்டரில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அம்மாவே சொன்னாள். டெபாசிட் எந்த வருஷம் எவ்வளவு கட்டினோமோ அதுதான் திரும்பிவரும், வட்டி கிடையாது.

மொட்டை மாடியில் சூரியத்தகடு போட்டால் கோட்டைப் பற்றியே கவலையில்லை என்று ஆரம்பித்தேன். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய், இடம் 300 சதுர அடி இருந்தால் போதும்.

"முந்நூறடியை அதுக்குக் குடுத்துட்டா, வடாம் எங்கடா காயவைக்கறது?" என்றாள் அம்மா. தகடுகளை ஏழடி உயரத்தில் தூக்கிக் கட்டலாம் என்றேன். நிழலில் வடாம் காயாது என்றாள்.